ரெசல்யூட் பேயிலிருந்து கிரைஸ் ஃபியர்டுக்கு: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி?

கனடாவின் வடகோடியில் உள்ள ரெசல்யூட் பே விமான நிலையத்துக்கும், அங்கிருந்து வடகிழக்கே உள்ள கிரைஸ் ஃபியர்ட் விமான நிலையத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. கூடவே ஒரு குழப்பமும் இருக்கிறது. ஒரு கணிப்பான் 383 கிலோமீட்டர் என்கிறது, இன்னொன்று 385 என்கிறது, வேறொன்று வெறும் 207 என்கிறது. பயண நேரம் ஓரிடத்தில் ஒரு மணி, இன்னோரிடத்தில் இரண்டரை மணி. திரும்பி வருவதற்கோ அரை மணிதான் என்று தோன்றும்படி அட்டவணை அமைந்துவிடுவதும் உண்டு.

இத்தனையிலும் தவறானது ஒன்றே ஒன்று: அந்த ஒரு மணி. மற்றவை எல்லாம் சரி. எதை எந்த அளவுகோலில் சொல்கிறார்கள் என்பதுதான் வேறு. சுருக்கமான விடை வேண்டுவோருக்கு: நேர்த் தூரம் 385 கிலோமீட்டர், அதாவது 208 கடல்மைல். காற்று சும்மா இருந்தால் வானில் 1 மணி 23 நிமிடம். தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணிக்குச் சற்று மேல். எதிர்காற்று பலமாக இருந்தால் இரண்டு மணியை நெருங்கும். காரணங்களை இனிப் பார்ப்போம்.

முதலில் இடம். இரண்டும் நூனவுட் பிரதேசத்தில் உள்ள இனுயிட் மக்களின் ஊர்கள். ரெசல்யூட் கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் 183 பேர். கிரைஸ் ஃபியர்ட் எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் இருக்கிறது, 144 பேர். கனடாவில் பொதுமக்கள் வாழும் ஊர்களில் இதற்கு வடக்கே வேறு ஊர் இல்லை. இனுயிட் மொழியில் ரெசல்யூட்டின் பெயர் கவுசுயிட்டுக், விடியாத இடம். கிரைஸ் ஃபியர்டின் பெயர் அவுயுயிட்டுக், உருகாத இடம். இரண்டு ஊர்களும் தாமாக உண்டானவை அல்ல. 1953-லும் 1955-லும் கனடிய அரசு வடகியூபெக்கின் இனுக்யுவாக்கிலிருந்தும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே இறக்கியது. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல். ஊர்களுக்கிடையே சாலை கிடையாது. கனத்த சரக்கு கோடையின் கடைசியில் கப்பலில் வரும். மற்ற நாளெல்லாம் போக்குவரத்து விமானத்தை நம்பித்தான்.

இனித் தூரக் கணக்கு. ரெசல்யூட் விமான நிலையத்தின் இருப்பிடம் வடக்கு 74 பாகை 43 கலை, மேற்கு 94 பாகை 58 கலை (ஒரு பாகையில் 60 கலை). கிரைஸ் ஃபியர்ட் வடக்கு 76 பாகை 25½ கலை, மேற்கு 82 பாகை 54½ கலை. முதல் வேலை இவற்றைத் தசமத்துக்கு மாற்றுவது. கலையை, அதன் சிறு பின்னத்தையும் விடாமல், 60-ஆல் வகுக்க வேண்டும்: 74.717, 94.969, 76.426, 82.909. இங்கேதான் பலர் முதல் தப்புச் செய்கிறார்கள். 74 பாகை 43 கலையை 74.43 என்று அப்படியே தட்டிவிடுவார்கள். நான்கு எண்களிலும் இப்படிச் செய்தால் விடை 395 கிலோமீட்டர் ஆகிவிடும். பார்க்க நம்பும்படியாகவே இருப்பதால் தப்பு கண்ணில் படாது. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும் என்பதை ஒரு நிலையத்துக்கு மட்டும் மறந்தால் சுமார் 3,200 கிலோமீட்டர் வரும். வடதுருவத்தின் மேலேறி உலகின் மறுபக்கம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அது உடனே தெரிந்துவிடும், ஆகவே அவ்வளவு ஆபத்தில்லை.

அட்சரேகை வித்தியாசம் 1.709 பாகை, தீர்க்கரேகை வித்தியாசம் 12.060 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டே போகும் என்பதுதான் வடக்கில் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கரேகை 111 கிலோமீட்டர். ரெசல்யூட்டில் அது 29 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது, கிரைஸ் ஃபியர்டில் 26-தான். அட்சரேகைப் பாகையோ எங்கே போனாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டரே. இதை மறந்து இரண்டு வித்தியாசங்களையும் பள்ளிக்கூடத்துப் பித்தாகரசில் அப்படியே போட்டால் 1,354 கிலோமீட்டர் வரும். உண்மையைப் போல மூன்றரை மடங்கு.

கையால் போடக்கூடிய சரியான சுருக்குவழி இது. இரண்டு அட்சரேகைகளின் சராசரியை எடுங்கள்: 75.57 பாகை. அதன் கொசைன் 0.2492. தீர்க்கரேகை வித்தியாசத்தை இதனால் பெருக்குங்கள்: 12.060-ஐ 0.2492-ஆல் பெருக்கினால் 3.005. இதன் வர்க்கத்தோடு 1.709-இன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3.457 பாகை. ஒரு பாகைக்கு 111.19 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 384. சில நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்த இரண்டு ஊருக்கும் இது போதும். துருவத்துக்கு மிக அருகே போனாலோ, தூரம் ஆயிரத்தைத் தாண்டினாலோ இந்த வழி சறுக்கும்.

முழுமையான கோளக் கணக்கு வேண்டுமென்றால் ஹாவர்சைன் என்ற வாய்பாடு. அட்சரேகை வித்தியாசத்தில் பாதியின் சைனை வர்க்கப்படுத்துங்கள்: 0.0002224. தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதியின் சைனை வர்க்கப்படுத்தி, இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களாலும் பெருக்குங்கள்: 0.0006827. இரண்டையும் கூட்டினால் 0.0009051. வர்க்கமூலம் 0.030085. அதைச் சைனாகக் கொண்ட கோணத்தை ரேடியன் என்ற கோண அலகில் கண்டு இரட்டித்தால் 0.06018. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டரால் பெருக்கினால் 383.4. விரிதாளில் இதைப் போடுகிறவர்கள் சைன், கொசைனுக்குள் பாகையை நேராகக் கொடுத்துவிடக் கூடாது. விரிதாள் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். மாற்றாமல் கொடுத்தால் தலைகால் புரியாத ஏதோ ஓர் எண் வரும்.

அப்படியானால் 385 எங்கிருந்து வந்தது? பூமி சரியான உருண்டை இல்லை. துருவங்களில் சற்றுத் தட்டையானது. தட்டையான இடத்தில் பரப்பின் வளைவு குறைவு, அதாவது அந்த இடத்துக்குப் பொருத்தமான ஆரம் பெரிது. 75 பாகைக்கு மேலே அது 6,371 அல்ல, ஏறக்குறைய 6,397 கிலோமீட்டர். அதே 0.06018-ஐ இதனால் பெருக்கிப் பாருங்கள்: 385.0. விமானத்தின் ஜிபிஎஸ் கருவி இப்படித் துருவங்களில் சற்றுத் தட்டையான பூமியைக் கொண்டுதான் கணக்கிடும் என்பதால் 385-ஐயே காட்டும். 383 என்பது கோளக் கணக்கு. துருவங்களுக்கு அருகே கோளக் கணக்கு எப்போதும் இப்படி 0.4 சதவீதம் குறைத்தே காட்டும். எரிபொருள் கணக்குக்கு இந்த இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று தெரியாமல் ஒன்றைத் தவறென்று ஒதுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

207 என்பது கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். 383.4-ஐ வகுத்தால் 207, 385-ஐ வகுத்தால் 208. சாதாரண மைலில் சொன்னால் 238, 239. விமானத் துறையில் அலகு சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் சொன்னால் அது கடல்மைல் என்றே கொள்ளலாம். வேகம் அப்போது 'நாட்' என்ற அலகில் இருக்கும்; ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்.

வரைபடத்தில் இந்தத் தூரம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசி வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. அந்த முறையில் 75½ பாகை அட்சத்தில் எல்லாம் நான்கு மடங்கு நீளமாகக் காட்டப்படும். அளவுகோலை நிலநடுக்கோட்டுக்கு அருகே பார்த்துவிட்டு, அதையே எடுத்து இங்கே வைத்து அளந்தால் 1,500 கிலோமீட்டர் தேறும்.

திசையில் இன்னும் வேடிக்கை. ரெசல்யூட்டை விட்டுக் கிளம்பும்போது உண்மை வடக்கிலிருந்து 55 பாகையில் போக வேண்டும். எங்கும் திரும்பாமல் நேராகவே பறந்து கிரைஸ் ஃபியர்டை எட்டும்போது அதே திசை 66 பாகை ஆகிவிட்டிருக்கும். விமானம் திரும்பவில்லை, அதன் கீழே இருந்த தீர்க்கரேகைகள்தாம் சாய்ந்துகொண்டே வந்தன. ஒரே திசையெண்ணைப் பிடித்துக்கொண்டு பறந்தால் பாதை நடுவழியில் பெருவட்டத்தை, அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியை, விட்டுப் பத்துக் கிலோமீட்டர் தெற்கே விலகியிருக்கும், ஆனால் மொத்தத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாகாது. தூரத்துக்காகப் பெருவட்டம் தேவையில்லை. மூடுபனிக்குள் எந்த மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதற்குத்தான் தேவை.

உண்மை வடக்கு என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காந்த வடதுருவம் இந்தத் தீவுகளுக்கு இடையேதான் வெகுகாலம் உலாவிக்கொண்டிருந்தது. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கண்டது பூத்தியா தீபகற்பத்தில். 1994-இல் அது எல்லஃப் ரிங்னஸ் தீவில் இருந்தது. பிறகு சைபீரியாவை நோக்கி நகர்ந்துவிட்டது. காந்தத் துருவத்துக்கு அருகே புவிக்காந்தம் முள்ளைப் பக்கவாட்டில் இழுக்காமல் கீழ்நோக்கி இழுக்கும். ஆகவே காந்தத் திசைக்காட்டி அங்கே பயன்படாது. கனடாவின் வடக்கு வான்பரப்பில் ஓடுபாதை எண்கள்கூட உண்மை வடக்கை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. ரெசல்யூட்டின் ஓடுபாதை 17, 35 (ஏறக்குறைய 170, 350 பாகைத் திசைகள்) என்பது அப்படித்தான். சுழலியில் இயங்கும் திசைக் கருவியை விமானி தானே உண்மை வடக்குக்கு ஒழுங்குபடுத்தி, அது நகர்ந்துபோகிறதா என்று ஜிபிஎஸ்ஸோடும் சூரியனோடும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃபிலிருந்து ரெசல்யூட்டுக்கு வந்த போயிங் 737-200 ஒன்று, ஓடுபாதைக்குக் கிழக்கே ஒரு கடல்மைல் தொலைவில் இருந்த குன்றில் மேகத்துக்குள் மோதியது. இருந்த 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்த பல காரணங்களில் ஒன்று, திசைக் கருவி பதினேழு பாகை அளவுக்கு விலகியிருந்தது. தானியங்கி ஓட்டியின் நிலை மாறியதும், பாதை விலகுவதை உணர்ந்தும் உடனே மேலேறாததும் அதோடு சேர்ந்துகொண்டன.

இனி நேரம். இணையக் கணிப்பான்கள் பலவும் தூரத்தை ஜெட் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டிவிடும். 383-ஐ 800-ஆல் வகுத்தால் 29 நிமிடம். அரை மணி கூட்டினால் 59 நிமிடம். அந்த ஒரு மணி வந்தது இப்படித்தான். கிரைஸ் ஃபியர்டில் ஜெட் இறங்க முடியாது என்பது கணிப்பானுக்குத் தெரியாது. ரெசல்யூட்டின் ஓடுபாதை சரளைக்கல் என்றாலும் இரண்டு கிலோமீட்டர் நீளம், ஆகவே 737-உம் இறங்கும். கிரைஸ் ஃபியர்டின் ஓடுபாதை அறுநூறு மீட்டரைத் தாண்டாத சரளைக்கல் துண்டு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். அங்கே போவது ட்வின் ஓட்டர்.

ட்வின் ஓட்டர் 1965-இல் முதலில் பறந்த கனடிய விமானம். இரண்டு டர்போபுரொப் எஞ்சின், மடங்காத சக்கரம், பனிக்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டை, குறைந்த ஓட்டத்தில் எழும்பும் அகன்ற இறக்கை. கென் போரெக் ஏர் நிறுவனத்தின் ட்வின் ஓட்டர்கள்தாம் இந்த வழியில் நெடுநாளாகப் பறந்துவருகின்றன. நிதானமான பயண வேகம் 150 நாட், மணிக்கு 278 கிலோமீட்டர். 207-ஐ 150-ஆல் வகுத்தால் 1.38 மணி, அதாவது 1 மணி 23 நிமிடம். கதவடைத்து உருளத் தொடங்கியது முதல் மறுமுனையில் எஞ்சின் நிற்பது வரை கணக்கிட்டால் 10 முதல் 15 நிமிடம் கூடும்.

காற்று இதை எவ்வளவு மாற்றும்? 30 நாட் எதிர்காற்று என்றால் தரைவேகம் 120 நாட். 207-ஐ 120-ஆல் வகுத்தால் 1 மணி 44 நிமிடம். அதே காற்று திரும்பும்போது பின்காற்று. தரைவேகம் 180, நேரம் 1 மணி 9 நிமிடம். போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். கூட்டிப் பாருங்கள்: காற்றில்லாமல் போகவர 2 மணி 46 நிமிடம், இந்தக் காற்றோடு 2 மணி 53 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம்; ஆகவே காற்று எப்போதும் நஷ்டக்கணக்குத்தான். ஜெட்டுக்கு 30 நாட் பெரிதாகத் தெரியாது. 150 நாட்டில் ஊரும் விமானத்துக்கு அது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

நேரத்தை விடத் தலைவலி எரிபொருள். கிரைஸ் ஃபியர்டைச் சுற்றி ஊரோ நிலையமோ உள்ள ஓடுபாதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேற்கே ரெசல்யூட் 385 கிலோமீட்டர். தெற்கே ஆர்க்டிக் பே, அதுவும் ஏறக்குறைய 385. வடக்கே யுரேகா வானிலை நிலையம் 400. தென்கிழக்கே பாண்ட் இன்லெட் 440. அங்கே போய் இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊர் என்று ஒன்று கிடையாது. வந்த வழியே திரும்புவதற்கும் எரிபொருள் கையில் இருந்தாக வேண்டும். இதற்கு மேல், கருவிகளைக் கொண்டு பறக்கும் புரொப்பெல்லர் விமானத்துக்குக் கனடிய விதி 45 நிமிடம் பறக்கப் போதுமான எரிபொருள் இருப்பு கேட்கிறது. காற்றில்லாத நாளில்கூட: போக 1 மணி 23, வர 1 மணி 23, மலைக்கருகே சுற்றிப் பார்த்து முயன்று கைவிட 15 நிமிடம், இருப்பு 45. மொத்தம் 3 மணி 46 நிமிடம். நான்கு மணி என்று வைத்துக்கொள்வோம்.

ட்வின் ஓட்டர் மணிக்குச் சுமாராக 270 கிலோ எரிபொருள் குடிக்கும். நான்கு மணிக்கு 1,080 கிலோ. எழும்பும்போது இருக்கலாகும் அதிகபட்ச எடை 5,670 கிலோ. விமானம், இரண்டு விமானிகள், குளிர்கால உயிர்காப்புப் பொருட்கள் சேர்ந்து ஏறக்குறைய 3,700 கிலோ என்று வைத்தால் எஞ்சுவது 890 கிலோ. தடித்த உடையும் பெட்டியுமாக ஆளுக்கு 110 கிலோ பிடித்தால் எட்டுப் பேர். விமானத்தில் 19 இருக்கை போடலாம் என்று படித்துவிட்டு, ஏன் இடமில்லை என்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். தபாலும் காய்கறியும் மருந்தும் இதே எடைக்குள் வர வேண்டும், ஆகவே இருக்கைகளில் பாதியைக் கழற்றிவிட்டு அங்கே சரக்கைக் கட்டியிருப்பார்கள். பயணியையே தராசில் ஏற்றிப் பார்ப்பதும் இதற்காகத்தான். பெட்டி அதிக எடை என்றால் பணம் கட்டிச் சரிசெய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பெட்டி அடுத்த விமானத்தில் வரும், அடுத்த விமானம் என்றைக்கு என்பது வேறு விஷயம்.

திரும்ப முடியாத புள்ளி என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டிவிட்டால் இருப்பைத் தொடாமல் கிளம்பிய இடத்துக்குத் திரும்ப முடியாது. நான்கு மணி எரிபொருளில் 45 நிமிட இருப்பைக் கழித்தால் 3¼ மணி. இதைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, போகும் வேகமும் திரும்பும் வேகமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், எத்தனை மணி முன்னே போகலாம் என்று கிடைக்கும். காற்றில்லை என்றால் 1.625 மணி, 244 கடல்மைல். கிரைஸ் ஃபியர்ட் 207-தான், கவலையில்லை. 30 நாட் எதிர்காற்றில் 1.95 மணி, 120 நாட்டில் 234 கடல்மைல். இன்னும் பரவாயில்லை. 60 நாட் எதிர்காற்று என்றால் போகும் வேகம் 90, திரும்பும் வேகம் 210; விடை 2.275 மணி, 205 கடல்மைல். ஊருக்கு இரண்டு கடல்மைல் முன்னாலேயே புள்ளி வந்துவிட்டது! ஊர் கண்ணுக்குத் தெரிந்தாலன்றி அந்த நாளில் அதைத் தாண்டக் கூடாது. ரெசல்யூட்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது இன்று விமானம் இல்லை என்று அறிவித்தால், பெரும்பாலும் இப்படி ஒரு கணக்கு இடித்திருக்கும்.

எஞ்சின் ஒன்று நின்றால் முன்னே போவதா பின்னே போவதா என்பதற்குச் சமநேரப் புள்ளி, அதாவது இரண்டு பக்கமும் போக ஒரே நேரம் ஆகும் இடம். காற்றில்லாமல் அது சரிபாதி, 103½ கடல்மைல். 30 நாட் எதிர்காற்றில் 124-க்கு நகர்ந்துவிடும். அதாவது பாதி வழியைத் தாண்டிய பிறகும் சிறிது தூரம் வரை திரும்புவதே சீக்கிரம்.

கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால், ஆளில்லாத நிலமும் பனிக்கடலும். முதலில் வெலிங்டன் கால்வாய், பிறகு டெவன் தீவு. உலகில் மனிதர் குடியில்லாத தீவுகளில் இதுவே பெரிது, 55,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பாதைக்குச் சற்றுத் தெற்கே, 23 கிலோமீட்டர் அகலமுள்ள ஹாட்டன் விண்கல் பள்ளம். நிலம் செவ்வாய் போல வறண்டிருப்பதால் அங்கே 1997 முதல் செவ்வாய்ப் பயணத்துக்கான களச்சோதனைகள் நடந்துவருகின்றன. டெவன் முடிந்தால் ஜோன்ஸ் நீரிணை, அதன் மறுகரையில் சுவர்போல் எழும் எல்ஸ்மியர் மலைகள், அவற்றின் காலடியில் ஊர். ட்வின் ஓட்டருக்குள் காற்றழுத்தம் பராமரிக்கப்படுவதில்லை என்பதால் அதிக உயரம் ஏறாமல் போவார்கள். மேகம் இல்லாவிட்டால் இது எல்லாம் நன்றாகத் தெரியும்.

வானிலை பருவத்துக்குப் பருவம் வேறு விதமாகக் கெடுக்கும். கோடைதான் சுலபம் என்று தோன்றும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கடற்பனி உடைந்து திறந்த நீரின் மேல் ஈரக்காற்று குளிர்ந்து, மூடுபனியும் தாழ்ந்த மேகமும் நாட்கணக்கில் உட்கார்ந்துவிடும். மேலே சொன்ன 2011 விபத்தும் ஆகஸ்டில்தான். குளிர்காலத்தில் புதுப் பனி விழாமலேயே, தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பிப் பார்வையை மறைக்கும். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை ரெசல்யூட்டில் சூரியன் எழாது. கிரைஸ் ஃபியர்டில் இருட்டு இன்னும் சில நாட்கள் அதிகம். ஓடுபாதையை ஒட்டி மலை நிற்கும் ஊரில் இருட்டு என்பது சாதாரணத் தடை இல்லை. தெளிந்த வானமும் வெளிச்சமும் கொண்ட மார்ச் கடைசி, ஏப்ரல் மாதங்களே, குளிர் கடுமையாக இருந்தாலும், பறப்பதற்கு நம்பகமானவை என்பது என் கணிப்பு.

குளிரில் உயரமானியும் ஏமாற்றும். குளிர்ந்த காற்று சுருங்கி அடர்ந்திருப்பதால், கருவி காட்டுவதைவிட விமானம் தாழ்வாக இருக்கும். தரையில் வெப்பநிலை கழித்தல் 40 செல்சியஸ் என்றால், ஓடுபாதைக்கு மேலே 1,000 அடி என்று கருவி காட்டும்போது உண்மையில் 760 அடி அளவுதான் இருக்கும். மலைக்கருகே இறங்கும் விமானி அந்த 240 அடியைக் கூட்டிக்கொண்டு பறக்க வேண்டும்.

இந்த வழியில் போக நினைப்பவர் ரெசல்யூட்டுக்கு முதலில் வந்தாக வேண்டும். ஒட்டாவாவிலிருந்து நூனவுட்டின் தலைநகர் இகலூயிட் 2,100 கிலோமீட்டர், 737-இல் மூன்று மணிக்குச் சற்று மேல். இகலூயிட்டிலிருந்து ரெசல்யூட் நேர்த்தூரம் 1,575 கிலோமீட்டர். ஏடிஆர் 42 என்ற புரொப்பெல்லர் விமானம் நேராகப் பறந்தால் மூன்றே கால் மணி ஆகும், ஆனால் வழியில் ஆர்க்டிக் பே போன்ற ஊரில் இறங்கி ஏறினால் அரைநாளுக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு துண்டிலும் வானிலை தனித்தனியாகக் குறுக்கிடும். ஆகவே இணைப்பு விமானத்தை அதே நாளில் பிடித்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். ரெசல்யூட்டில் குறைந்தது இரண்டு நாள், திரும்பும் வழியிலும் இரண்டு நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம் சொற்பம்; தாமதமானால் எங்கே படுப்பது என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. மருந்தும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும், ஏனென்றால் பெட்டி பின்தங்கலாம். ட்வின் ஓட்டரில் கழிப்பறை கிடையாது. ஏறுமுன் தேநீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இரைச்சலுக்குக் காதடைப்பான் வேண்டும். பனிக்காலணியையும் கனத்த மேலங்கியையும் பெட்டியில் வைக்காமல் உடுத்திக்கொண்டே ஏற வேண்டும். நடுவழியில் எங்காவது இறங்க நேர்ந்தால் உடம்பில் இருப்பதுதான் உங்களுடையது.

மீதி இருப்பது அந்த இரண்டரை மணியும் அரை மணியும். ரெசல்யூட் மத்திய நேர வலயத்தில் இருக்கிறது, கிரைஸ் ஃபியர்ட் கிழக்கு நேர வலயத்தில். கோடையிலும் குளிர்காலத்திலும் கிரைஸ் ஃபியர்டின் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். உதாரணத்துக்கு, ரெசல்யூட்டில் காலை 10 மணிக்குக் கிளம்பி ஒன்றரை மணி பறந்தால் கிரைஸ் ஃபியர்டில் கடிகாரம் 12.30 காட்டும், இரண்டரை மணி ஆனதுபோல் தோன்றும். அங்கே பிற்பகல் 1.15-க்குக் கிளம்பி அதே ஒன்றரை மணி பறந்து ரெசல்யூட்டில் இறங்கினால் மணி 1.45, அரை மணியில் வந்ததுபோல் தோன்றும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்றரை வந்துவிடும். திரும்பும் நாளில் விமானம் எத்தனை மணிக்கு என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், எந்த ஊர் மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.